அவர்களின் எஜமானி

மூன்று மெழுகுவர்த்திகளையும் நான்தான் கடைக்குப் போய் வாங்கி வந்தேன். ஒரே உயரம், ஒரே பருமன், திரி வளைந்திருக்கக் கூடாது என்று அண்ணி இப்திஹால் கட்டிலில் படுத்தபடியே திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினாள்.

"ஒண்ணு குட்டையா இருந்துச்சுன்னு வையி, உங்க அக்கா அதைத்தான் என் பக்கம் தள்ளுவா" என்றாள்.

அண்ணியின் குழந்தைக்கு மறுநாள் ஏழாம் நாள், பெயர் வைக்கும் நாள். அதுவரை பெயர் இல்லை. ஆளாளுக்கு 'பாப்பா' என்றார்கள், 'சின்னது' என்றார்கள். நான் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. தொட்டிலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அதன் காலைத் தொட்டுவிட்டுப் போவேன், அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் இன்னும் மெழுகுவர்த்தி வைத்துத்தான் பெயர் முடிவு செய்கிறார்கள். வீட்டில் எல்லோரும் ஒரே பெயரைச் சொல்லிவிட்டால் இந்த வேலையே இல்லை. எங்கள் வீட்டில் அப்படி நடக்குமா? அண்ணிக்குத் தாலின் என்று வைக்க வேண்டும். அக்கா நபவிய்யாவுக்கு இறந்துபோன எங்கள் அம்மாவின் பெயர், ஜகிய்யா. இரண்டு பெண்களும் ஆறு நாளாகச் சிரித்துக்கொண்டே சண்டை போட்டார்கள். கடைசியில் அண்ணன் ஷாபான், "மெழுகுவர்த்தி சொல்லட்டும். எது கடைசி வரைக்கும் எரியுதோ அதுதான் பேரு. மூணா வாங்கு, மூணாவது என்னோடது" என்றான்.

"உன்னோடது என்ன பேருடா?" என்று அக்கா கேட்டாள்.

"ஏத்தும்போது சொல்றேன்."

அண்ணன் நாற்காலிகளுக்குப் பாலிஷ் போடுகிறவன். எங்கள் ஊரான தும்யாத்தில் பாதிப் பேர் மரவேலையை நம்பித்தான் சாப்பிடுகிறோம். அவன் விரல்கள் எப்போதும் தேநீர் நிறத்தில் இருக்கும். அவன் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறான் என்றால் நல்லது செய்யப்போகிறான் என்று அர்த்தம். அதனால் நான் கவலைப்படவில்லை.

மாலைத் தொழுகை முடிந்ததும் அக்கா பித்தளைத் தட்டை நடுக்கூடத்தில் வைத்தாள். தட்டில் தண்ணீர், அதில் ஊறும் தானியங்கள், நடுவில் மண் கூஜா. பெண் குழந்தை என்பதால் இடுப்பு சிறுத்த கூஜா. அதன் கழுத்தில் அண்ணியின் சங்கிலியைப் போட்டிருந்தார்கள். கூஜாவைச் சுற்றித் தட்டின் விளிம்பில் மூன்று மெழுகுவர்த்திகளையும் மெழுகுச் சொட்டு விட்டு நிறுத்தினாள். மின்விசிறியை அணைத்தோம். கோடைப் புழுக்கத்தில் எல்லோர் கழுத்திலும் வியர்வை இறங்கியது. பக்கத்து வீட்டு உம் தாலின் தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள். அவள் பெயர் என்னவோ வேறு. மகள் பிறந்ததிலிருந்து அவள் தாலினின் அம்மா, உம் தாலின்தான்.

"இது தாலின்" என்று சொல்லி ஜன்னல் பக்கம் இருந்ததை அண்ணன் ஏற்றினான். கூடத்து மூலையில் கிடந்த கட்டிலில் இருந்தே அண்ணி குலவையிட்டாள்.

"இது ஜகிய்யா. அம்மா, கேக்குதா?" என்று இரண்டாவதை அக்காவே ஏற்றிவிட்டாள்.

அண்ணன் மூன்றாவதன் அருகே தீக்குச்சியைக் கொண்டுபோனான். பிறகு நிமிர்ந்து, கதவோரம் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இது சித்துஹும்" என்றான்.

என் பெயர்.

"அட!" என்றாள் உம் தாலின். "உயிரோட இருக்கிறவ பேரையா?"

"ஏன், வைக்கக் கூடாதா? அம்மா படுக்கையில கிடந்தப்ப படிப்பையே விட்டுட்டு வந்து பார்த்துக்கிட்டவ இவ. எவ செய்வா? என் மவ இவள மாதிரி வரட்டும்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் முகத்திரை இல்லாமல் நடுத்தெருவில் நிற்பதுபோல் நின்றேன். சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது. சிரித்தேன். பிறகு பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் முகாத் கஞ்சி பொங்குகிறதா பார்க்கிறேன் என்று சமையலறைக்குப் போனேன். கஞ்சி அடுப்பிலேயே இல்லை, காலையிலேயே முடிந்துவிட்டது. வெறும் அடுப்பின் முன் நின்றுகொண்டு கரண்டியைக் கழுவினேன். கழுவிய கரண்டியை மறுபடி கழுவினேன்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அம்மா அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். அம்மா வாழ்க்கைப்பட்டு வந்தது கூட்டுக் குடும்பம். மூன்று ஓரகத்திகள், அத்தனை பேருக்கும் ஆண் பிள்ளைகள். நான் பிறந்த அன்று மூத்த ஓரகத்தி கோழிச்சாறு கொண்டு வந்தாளாம். என்னை எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க வாசலக் கூட்ட இன்னொருத்தி வந்துட்டா" என்றாளாம். அம்மா சாற்றைக் குடித்து முடித்து, கிண்ணத்தை அவள் கையில் கொடுத்து, "கூட்ட வரல. உங்க எல்லாருக்கும் எஜமானியா வந்திருக்கா" என்றாளாம். அப்படி வந்ததுதான் சித்துஹும். 'அவர்களின் எஜமானி.'

நல்ல பதில்தான். ஆனால் அது அம்மாவின் பதில். அந்த ஓரகத்தியும் அம்மாவும் பிறகு சமாதானமாகி, பெருநாளைக்குப் பெருநாள் ஒருவர் வீட்டு நெய் பிஸ்கட்டை மற்றவர் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டு, அடுத்தடுத்த வருடங்களில் செத்தும் போனார்கள். சண்டை போட்ட இரண்டு பேரும் போய்விட்டார்கள். நான் மட்டும் அந்தச் சண்டையின் நடுவில் கையை ஓங்கியபடி நின்றுகொண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு என் பெயருக்கு வரும்போது ஆசிரியர்கள் ஒரு மூச்சு நிறுத்துவார்கள். எங்கள் வகுப்பில் யாருக்கும் அப்படிப் பழைய கிராமத்துப் பெயர் கிடையாது. "சித்துஹும்?" என்பார்கள். "யாருக்கு எஜமானி?" என்று ஒருத்தி பின்னாலிருந்து கேட்பாள். "எங்களுக்கு!" என்று வகுப்பே எழுந்து குனிந்து வணங்கும். ஒருநாள் கணக்கு ஆசிரியர், "எஜமானியம்மா, கரும்பலகையத் துடைக்கத் தங்களுக்கு நேரம் இருக்குங்களா?" என்றார். துடைத்தேன். முதுகுக்குப் பின்னால் சிரிப்பு அடங்கவே இல்லை. துடைத்து முடித்த பிறகும் திரும்ப முடியாமல் சுத்தமான பலகையையே துடைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் வயிற்று வலி என்றேன். அதற்கடுத்த வாரமும். அப்போது அம்மாவுக்கு உடம்பு முற்றியிருந்தது. வீட்டில் ஒருத்தி இருந்தால் நல்லது என்று யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மாவை நான்தான் பார்த்துக்கொண்டேன், அதில் பொய் இல்லை. ஆனால் அதற்காக நான் பள்ளியை விடவில்லை.

கூடத்திலிருந்து உம் தாலினின் குரல் வந்தது. "தாலின்னா சொர்க்கத்துல ஓடுற ஒரு ஆறு. எங்க கொழுந்தன் போன்ல பார்த்துச் சொன்னான்."

"போன வாரம் பாரசீக இளவரசின்னு சொன்ன?" என்றாள் அக்கா.

"அது துருக்கிக்காரங்களுக்கு. நமக்கு ஆறு."

"மூணாவது வீட்டுல முத்துங்கிறாங்க."

"முத்து ஆத்துலதான் கெடக்கும். எல்லாம் ஒண்ணுதான்."

"ஜன்னலத் தொறந்து தாலின்னு ஒரு சத்தம் போடு, மூணு புள்ள ஓடி வரும். ஆம்பளப் பேரா பொம்பளப் பேரான்னே தெரியல, மிட்டாய்க் கடைக்காரன் பேரன்கூட வந்தாலும் வருவான். என்ன எழவு பேரோ! எங்கம்மா பேருல என்ன குறை? ஜகிய்யா. புத்திசாலி. அர்த்தம் கேக்க வேண்டியதே இல்ல."

"அக்கா, தட்டுல கை வைக்காதீங்க" என்று அண்ணி கட்டிலிலிருந்து கத்தினாள்.

"மெழுகு சொட்டுது, தொடைக்கிறேன்மா. தொடைக்கக் கூடாதா?"

நான் கூடத்துக்கு வந்தேன். அக்கா துடைக்கிற சாக்கில் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஜன்னலிலிருந்து ஆற்றுக் காற்று நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது. தாலினின் சுடர் ஏற்கெனவே சாய்ந்து ஒரு பக்கமாக உருகிக்கொண்டிருந்தது. அக்கா திருப்பியதில் காற்று இன்னும் நேராக அதன் மேல் விழுந்தது. ஜகிய்யா மறைவுக்குப் போனது. ஆனால் அவள் கவனிக்காத ஒன்றும் நடந்தது. கூஜா சரியாக மூன்றாவதற்கும் ஜன்னலுக்கும் நடுவில் வந்துவிட்டது. என் பெயருடைய சுடர் ஆடாமல் அசையாமல், நெடுநெடுவென்று நின்று எரிந்தது.

என்னால் உட்கார முடியவில்லை. விருந்தாளிகளுக்கான கடலைப் பொட்டலங்களைக் கட்டப் போனேன். ரிப்பனைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினேன். குழந்தை சிணுங்கியது. தூக்கினேன். என் தோளில் சாய்ந்துகொண்டு அது தன் உதட்டைத் தானே சப்பியது. இதற்கு என்ன தெரியும்? ஏழு வயதில் ஒரு பெஞ்சில் உட்காரும். யாரோ ஒருவர் மூச்சை நிறுத்துவார். இது எழுந்து நிற்கும்.

அண்ணனிடம் சொல்லிவிடலாம் என்று அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன, உன் மெழுகுவர்த்தி சிங்கம் மாதிரி நிக்குது பார்த்தியா?" என்றான்.

"அண்ணே..."

"என்னம்மா?"

"தேநீர் போடட்டுமா?"

"போடு போடு. சக்கரை தூக்கலா."

தேநீர் போட்டுக்கொண்டு வருவதற்குள் தாலின் அணைந்துவிட்டது. அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உம் தாலின் நெருங்கிய சொந்தத்தில் சாவு விழுந்தவள் மாதிரி நாக்கை 'ச்சு'க் கொட்டினாள். அவள் மகள், "நானா அணைஞ்சேன்?" என்று கேட்டது.

பிறகு ஜகிய்யா. அதன் அடியில் தேங்கிய மெழுகு உடைந்து வழிந்து, திரி சாய்ந்து, தட்டின் தண்ணீரில் 'சுர்' என்று விழுந்தது. அக்கா "ஐயோ, அம்மா!" என்றாள். உண்மையாகவே அவள் கண் கலங்கியது.

அண்ணன் கைதட்டினான். "முடிஞ்சுது! எம் பொண்ணுக்குச் சித்துஹும்னே பேரு! யாரும் தொடாதீங்க, அதுவா எரிஞ்சு முடியட்டும். எவ்வளவு நேரம் எரியுதோ அவ்வளவு ஆயுசு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு குலவையிடத் தொண்டையைச் செருமினாள்.

நான் குழந்தையை அண்ணியின் பக்கத்தில் படுக்க வைத்தேன். தட்டருகே போனேன். குனிந்தேன். ஊதினேன்.

அணைந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. புகை என் முகத்தில் ஏறியது.

முதலில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. பிறகு அக்கா இரண்டு கைகளாலும் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "பேர் வச்ச விளக்க ஊதிட்டாளே! பாவி! பச்சப் புள்ள ஆயுச ஊதிட்டாளே!"

உம் தாலின் தன் மகளின் கண்ணைப் பொத்தினாள்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?" அண்ணன் என் கையைப் பிடித்துத் தூக்கினான். "என்ன காரியம் பண்ணின? அம்மா வச்ச பேருடி அது!"

"உனக்கா வச்சா?" என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கூடத்தில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை.

"என்ன?"

"அந்தப் பேர உனக்கு வச்சாளான்னு கேக்கறேன். உன்ன யாராவது எந்திரிச்சு நின்னு கும்பிட்டாங்களா? எஜமானியம்மா போர்டத் துடைங்கன்னு சொன்னாங்களா? எனக்குச் சொன்னாங்க. தெனம் சொன்னாங்க. அதுக்காகத்தான் நான் பள்ளிக்கூடத்த விட்டேன். அம்மாவுக்காக இல்ல. அம்மாவ எப்படியும் பார்த்துக்கிட்டிருப்பேன், சாயங்காலம் வந்து பார்த்துக்கிட்டிருப்பேன். நான் பரீட்சை எழுதியிருப்பேன் அண்ணே."

அண்ணன் என் கையை விட்டுவிட்டான்.

"என்கிட்ட ஏன் சொல்லல? நான் வந்து அந்த வாத்தியார..."

"வந்து என்ன பண்ணியிருப்ப? நாற்காலிய எடுத்து அடிச்சிருப்ப. அப்புறம் நாற்காலியால அடிச்சவன் தங்கச்சி எஜமானின்னு சிரிச்சிருப்பாங்க."

உம் தாலின் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"இருந்தாலும் ஊதலாமா?" அக்கா விடவில்லை. "ஆயுசுடி! புள்ளையோட ஆயுசு!"

அப்போதுதான் அண்ணி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். "எந்தப் புள்ளையோடது? எம் பொண்ணுக்கு இன்னும் பேரே வைக்கல. பேரில்லாத புள்ளைக்கு எந்த விளக்கு?"

"அப்ப..." அக்கா என்னைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "அப்ப இவ பேரு இவளோடது. இவ தன்னையேல்ல ஊதிக்கிட்டா!"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கும் பயம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அண்ணியின் அருகில் கிடந்ததின் பக்கம் அந்தப் பயம் போகவில்லை என்பதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டான். தேநீர் அப்படியே ஆறியது.

மறுநாள் காலை வீடு நிறைய ஆட்கள். குழந்தையைக் கிடத்தும் சல்லடையில் வெள்ளைத் துணி விரித்தாயிற்று, அதன் காதருகே இடிக்கும் பித்தளை உரல் பளபளவென்று துலக்கியாயிற்று, உப்பும் தானியமும் கலந்தாயிற்று. வந்தவர்கள் எல்லாம் "பாப்பா பேரென்ன?" என்று கேட்டார்கள். அக்கா "வந்துக்கிட்டே இருக்கு" என்றாள், ஊரிலிருந்து பஸ்ஸில் வருவதுபோல.

அண்ணன் வந்தான். இரவு முழுக்கப் பாலிஷ் போட்டிருக்கிறான், உடம்பெல்லாம் அந்த வாசனை. என்னைப் பார்த்தான். கூப்பிட வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

"இங்க... தண்ணி கொண்டா" என்றான்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தாம்மா, அந்தத் துண்டு" என்றான். அப்புறம், "ஏய், யாரு அங்க, உரல நகத்து" என்றான். அந்த 'யாரு அங்க' நான்தான். அக்காவும் அப்படியே செய்தாள். "அவள வரச் சொல்லு", "அந்தப் பொண்ணக் கேளு." பெயர் வைக்கிற நாளில் வீட்டில் பெயரில்லாதவர்கள் இரண்டு பேர் ஆகிவிட்டோம். நான் பாத்திரங்களுக்கும் ஆட்களுக்கும் நடுவில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தேன். என்னை ஒருவரும் எதுவும் சொல்லிக் கூப்பிடாதது, வகுப்பில் கூப்பிட்டதைவிட மோசமாக இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

அண்ணன் கட்டிலருகே போய் நின்றான். "பேரு என்னன்னு சொல்லு. சுகாதார ஆபீசுல பதியணும்."

"தாலின்" என்றாள் அண்ணி.

"அதுதான் முதல்ல அணைஞ்சுது!" என்றாள் அக்கா.

"அக்கா, நான் கட்டில்ல படுத்துக்கிட்டுப் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். தட்டு தானாவா சுத்துச்சு?"

அக்கா உரலில் தூசி இருப்பதுபோல் குனிந்து ஊதினாள்.

"அர்த்தமே தெரியாத பேரு" என்றான் அண்ணன். "ஆறுங்கறாங்க, முத்துங்கறாங்க. எந்த நாட்டுப் பேருன்னுகூட ஒருத்தனுக்கும் தெரியல. தெருவுல ஏற்கெனவே மூணு கெடக்கு. நாளைக்கு நீ கூப்பிட்டா நாலு வரும்."

"நாலு வரட்டுமே அண்ணே" என்றேன் நான்.

அவன் திரும்பினான்.

"நாலு பேர் சேர்ந்து வந்தா யாரும் ஒருத்தியப் பார்த்துச் சிரிக்க மாட்டாங்க. அர்த்தம் தெரியலன்னா நல்லதுதான். யாரு யாருக்குக் குடுத்த பதிலும் அதுல இல்ல. யாரையும் அது திட்டல. அவளா ஏதாவது அர்த்தம் வச்சுக்கட்டும்."

அண்ணன் தன் விரல் நகத்தில் இருந்த பாலிஷைச் சுரண்டினான்.

"அப்ப உன்ன என்னன்னு கூப்பிடறது?" என்று கேட்டான். கேலியில்லை. குழந்தை கேட்பதுபோல் கேட்டான். "ராத்திரி பூரா யோசிச்சேன். வேற பேரு ஏதாவது வேணும்னா சொல்லு. வீட்டுல அதையே கூப்பிடறோம்."

எனக்கு வேண்டிய பெயர்கள் நிறைய இருந்தன. வகுப்பில் மூன்று அமல்கள் இருந்தார்கள். அமல் ஒன்று, அமல் இரண்டு, அமல் மூன்று என்பார் ஆசிரியர், யாரும் சிரித்ததில்லை. நான்காவது அமலாக இருக்க வேண்டும் என்று எத்தனை நாள் வேண்டியிருக்கிறேன். அந்தப் பெயர் நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் காலையிலிருந்து பெயரில்லாமல் நடந்து பார்த்துவிட்டேன்.

"என் பேரையே கூப்பிடு" என்றேன். "பாப்பாவுக்குத்தான் வேணாம்னேன். எனக்கு இருக்கட்டும். கூப்பிடாம மட்டும் இருக்காத."

அவன் தலையாட்டினான். "பாப்பாவுக்குத் தாலின்னே பதிஞ்சுடறேன்" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு நடுக்கூடத்துக்குப் போனான். சல்லடையில் குழந்தையைக் கிடத்தினார்கள். ஆட்கள் சுற்றி நின்றார்கள். கண்ணேறு படாமலிருக்க உப்புத் தூவ ஆள் தேடினார்கள்.

"சித்துஹும்!" என்று அண்ணன் அத்தனை பேருக்கும் மேலாகக் கத்தினான். "உப்பக் கொண்டா!"

அண்ணியின் ஊர்க்காரப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளை இடித்து, "யாருக்காம் எஜமானி?" என்று சிரித்தாள். அண்ணன் கழுத்து சிவந்தது. அவன் அவள் பக்கம் ஓர் எட்டு வைத்துவிட்டான்.

"விடுண்ணே" என்றேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உப்புத் தட்டோடு போனேன். காது மடல் எரிந்தது. அந்தப் பெண்ணின் தலையிலும் சேர்த்து ஒரு பிடி உப்பைத் தூவினேன். அண்ணி சடங்குப்படி ஏழு முறை குழந்தையைத் தாண்டத் தொடங்கினாள். அக்கா உரலில் 'டங் டங்' என்று இடித்தபடி குழந்தையின் காதருகே குனிந்தாள்.

"உங்க அம்மா பேச்சக் கேளு! உங்க அப்பன் பேச்சக் கேக்காத!" என்று வழக்கப்படி ஊருக்குக் கேட்கக் கத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கும் குழந்தைக்கும் மட்டும் கேட்கிற மாதிரி, "அத்தை பேச்சக் கேளுடி ஜகிய்யா" என்றாள்.